சொல்வதை எழுதுபவர்

குளத்தூர்
17.11.2024

ஜாஸ்பினுக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. உன் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் நோட்டு எனக்கு வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உன் அம்மாவிடமே கேட்டிருக்கலாம். நாலு முறை உங்கள் வீட்டு வாசல் வரை போனேன். ஒரு முறை ஞானமணி அத்தை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்ன மதி என்று கேட்டார். சும்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். பிறகு உன் விடுதி முகவரியை உங்கள் சர்ச் நோட்டீஸ் பலகையில் பார்த்து எழுதிக்கொண்டேன்.

இந்த வருஷம் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதப் போகிறேன். அறிவியல் செய்முறை வகுப்புக்குச் சனிக்கிழமைகளில் அப்பா புதுக்கோட்டைக்கு அழைத்துப் போகிறார். அங்கே இருபத்தெட்டு பேர் வருகிறோம். ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. புத்தகம் எல்லாம் இருக்கிறது. உன் நோட்டில் நீ பெரிய பதிலை நாலு துண்டாக வெட்டி வைத்திருப்பாய், அது புத்தகத்தில் இல்லை.

நீ கிளாஸ் டீச்சரிடம் போய்ச் சொல்லி இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்பதை உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அடுத்த வாரமே அப்பாவைக் கூப்பிட்டு, பிள்ளை இந்த வருஷம் ஓய்வு எடுக்கட்டும் என்றார்கள். பரீட்சை எழுதுகிறவர்கள் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். நான் மெதுவாகவாவது எழுதியிருப்பேன்.

மூட்டு வலி இப்போது பரவாயில்லை. வாரம் ஒரு ஊசி. காலையில் விரல்கள் மடங்காது, பத்து மணிக்கு மேல் கொஞ்சம் மடங்கும். இந்தக் கடிதத்தை வியாழக்கிழமை ஆரம்பித்தேன். கையெழுத்து எங்கே மாறுகிறதோ அங்கே நாள் மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்.

இளமதி


விடுதி, தஞ்சாவூர்
1.12.2024

மதி,

உன் கடிதத்தை எனக்கு முன்னால் வார்டன் சிஸ்டர் படித்துவிட்டார். இங்கே போன் கிடையாது, கடிதத்தையும் பிரித்துத்தான் தருவார்கள். கொடுக்கும்போது, "யாரு ஜாஸ்பின் இது? சமாதானக் கடிதம் இல்லைன்னு ஆரம்பிக்குது?" என்று கேட்டார். என் உயிர்த் தோழி என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நோட்டு என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அம்மா இன்று பார்க்க வந்தார், சொல்லிவிட்டேன். அவரே கொண்டுவந்து தருவார், நீ போக வேண்டாம். மூன்றாம் பாடத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். அது முறுக்கு. மன்னித்துக்கொள்.

டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து உனக்காக நான்தானே பேசினேன்? பாத்ரூம் போகணுமாம் டீச்சர் என்றுகூட நான்தான் எழுந்து சொல்வேன். நாலாவது படிக்கும்போது எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் வரவில்லை. நீ மூன்று நாளும் வந்தாய். ஆனாலும் உனக்கும் ஆப்சென்ட் போட்டிருந்தார்கள், நீ வாய் திறந்து சொல்லாததால். அந்தப் பழக்கத்தில்தான் அன்றைக்கும் சொன்னேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் விரல்களை அக்குளில் வைத்துக்கொண்டு நீ நின்றதைப் பார்த்தேன் மதி. பார்த்துவிட்டு எப்படிப் பேசாமல் இருப்பது? சொன்னது தப்பு என்று இப்போதும் தோன்றவில்லை. உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

எனக்கும் ஒரு கோபம் இருக்கிறது. போன மே மாதம் ரிசல்ட் வந்த அன்று ஜாங்கிரி வாங்கிக்கொண்டு முதலில் உன் வீட்டுக்குத்தான் வந்தேன். கதவைத் திறக்கவில்லை. உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. பெட்டியைப் படியில் வைத்துவிட்டு வந்தேன். அதை உங்கள் ஆட்டுக்குட்டி தின்றதாக அம்மா சொன்னார். ஆட்டுக்குட்டியாவது வாழ்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஜாஸ்பின்


குளத்தூர்
20.12.2024

ஜாஸ்பின்,

நோட்டு வந்தது. ஆட்டுக்குட்டி தின்றதை ஜன்னல் வழியாக நானும் பார்த்தேன். விரட்டப் போனால் நீ தெருமுனையில் திரும்பிப் பார்ப்பாயோ என்று போகவில்லை. அன்றைக்கு அழுதேன். அதோடு அது முடிந்தது என்று வைத்துக்கொள்வோம்.

வேறொன்று சொல்ல வேண்டும். புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில் என் விரல்களைப் பார்த்துச் சான்று கொடுத்திருக்கிறார்கள். அதனால் பரீட்சையில் எனக்குச் "சொல்வதை எழுதுபவர்" என்று ஒருவரைப் போடுவார்களாம். நான் வாயால் பதில் சொல்ல வேண்டும், ஓர் ஆசிரியர் அதை எழுதுவார். கூடுதலாக ஒரு மணி நேரமும் தருவார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தார்.

ஒருவருக்கும் புரியவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து நான் நாலு மணி நேரம் பேச வேண்டும். ஐந்து நாள். நான் நாலு நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசி நீ பார்த்திருக்கிறாயா?

பழகிப் பார்க்கலாம் என்று அப்பா எழுத உட்கார்ந்தார். அப்பாவிடம் பேச்சு வருகிறது. ஆனால் அப்பா ஊர் ஊராக மைக் செட் போடுகிறவர் இல்லையா, சும்மா கேட்டுக்கொண்டிருக்க அவரால் முடிவதில்லை. முதல் உலகப்போருக்கு நான் மூன்று காரணம் சொன்னேன். திருப்பிப் பார்த்தால் நாலு இருந்தது. "ரெண்டு தரப்புலயும் விட்டுக்கொடுக்கலைன்னு ஒண்ணு சேர்த்திருக்கேன் ஆத்தா. சரியாத்தானே இருக்கு?" என்றார்.

பிறகு பக்கத்து வீட்டு அரவிந்த்குமார் அண்ணனைக் கூப்பிட்டார். காலேஜில் படிக்கிறவர், நல்லவர்தான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சொல்லும்மா என்றார். படித்தது எல்லாம் தலைக்குள் அப்படியே வரிசையாக நின்றது. வாய்க்கு ஒன்றும் வரவில்லை. கால்மணி நேரம் கழித்து, எனக்கு வேலை இருக்கு நல்லதம்பிண்ணே என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

விரலால் எழுத முடியாமல் ஒரு வருஷம் போனது. இப்போது வாயால் ஒன்று போய்விடுமோ என்று இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வருவாய். நான் வீட்டில்தான் இருப்பேன். கதவு சாத்தியிருந்தால் தட்டு. ஒரு தடவை தட்டிவிட்டுப் போய்விடாதே.

மதி


விடுதி, தஞ்சாவூர்
5.1.2025

மதி,

இரண்டு தடவைதான் தட்டினேன், நினைவு வைத்துக்கொள். உன் அம்மா கொடுத்த அதிரசத்தை இங்கே பதினொரு பேர் பங்கு போட்டுக்கொண்டோம். சிஸ்டருக்கும் ஒரு துண்டு. உன் கடிதங்களைப் படிக்கிறவர் ஆயிற்றே, நன்றாகக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் லீவில் மூன்று நாள் நீ சொல்லச் சொல்ல நான் எழுதிப் பழக்கிய அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கடைசி நாள் அறிவியல் பதிலில் நான் வேண்டுமென்றே தப்பாக எழுதினேன். தமனி என்று நீ சொன்ன இடத்தில் சிரை என்று போட்டேன். நீ தாளைப் பார்த்தாய். உன் கண் அந்த இடத்தில் நின்றதை நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டாய். என்னிடமே இப்படி என்றால் வருகிற ஆளிடம் என்ன செய்வாய்? அவர் உன் பரீட்சையை எழுத மாட்டார். உன் பரீட்சையை நீதான் எழுதுகிறாய், அவர் கை மட்டும் கொடுக்கிறார். தப்பாக இருந்தால் அடிக்கச் சொல்ல வேண்டும். திரும்பப் படிக்கச் சொல்ல வேண்டும். அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது என்று உன் அப்பா காட்டிய விதிமுறைத் தாளிலேயே போட்டிருக்கிறது.

ஒரு யோசனை. முகத்தைப் பார்க்காதே. பேனாவைப் பார்த்துப் பேசு. பேனா முறைக்காது.

எனக்கு மார்ச் ஐந்தாம் தேதி பரீட்சை ஆரம்பம். இயற்பியலைத் திறந்தால் தூக்கம் வருகிறது. மூடினால் பயம் வருகிறது.

ஜாஸ்பின்


குளத்தூர்
19.1.2025

ஜாஸ்பின்,

உன் அம்மா வந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஊர் முழுக்கக் கேட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

உன் பேனா யோசனையை அப்பாவிடம் சொன்னேன். அவர் அதற்கு மேலே போய்விட்டார். "கையில மைக் இருந்தா ஊமைக்கும் பேச்சு வரும். நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்," என்றார். பழைய மைக் ஒன்றைக் கொடுத்து, சாமான் வைக்கிற கொட்டகையில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். இணைப்பு இல்லாத மைக்தான். சிரிக்காதே, நன்றாகவே வந்தது. சுவரில் பேனா மாதிரி ஒரு விரிசல் இருக்கிறது. அதைப் பார்த்து மார்கழிக் கடைசி முழுக்கப் பேசினேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மந்தைத் திடலில் விளையாட்டுப் போட்டி. அப்பா வேப்பமரத்தில் நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டி, கொட்டகையில் இருந்தே வயர் இழுத்திருந்தார். என் மைக்கையே மாட்டி, ஹலோ ஹலோ என்று சோதித்துப் பார்த்திருக்கிறார். பிறகு அணைக்காமல் உறியடிக்குப் பானை கட்டப் போய்விட்டார். நான் வழக்கம்போல் போய் உட்கார்ந்து வழக்கம்போல் மைக்கை எடுத்தேன். கொட்டகையை ஒட்டி ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு என் குரலே சரியாகக் கேட்கவில்லை.

இதயத்தின் அமைப்பும் செயல்பாடும், ஏழு மதிப்பெண். பாதிக்கு மேல் சொல்லிவிட்டேன். நடுவில், "சார், கடைசி வரியை அடிச்சிருங்க," என்பதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பணிவாக, சாதாரணமாக, கொஞ்சம் கண்டிப்பாக. அந்தக் கண்டிப்பு உனக்காக.

அப்பா ஓடிவந்து சுவிட்சை அணைத்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு விஷயம் புரிய அரை நிமிஷம் ஆனது. அதற்குள் அய்யாக்கண்ணு மாமா மந்தையில் வேறு மைக்கைப் பிடித்து, "இத்தோட அறிவியல் முடிஞ்சது. அடுத்து சாக்கு ஓட்டம், பேர் கொடுத்தவங்க இங்கிட்டு வாங்க," என்று அறிவித்துவிட்டார்.

இரண்டு நாள் வெளியே போகவில்லை. நேற்று அம்மாவுக்கு முதுகு வலி, பால் வாங்க நான்தான் போக வேண்டியிருந்தது. டீக்கடை சொர்ணம் அக்கா என்னைப் பார்த்ததும் கிளாஸைக் கழுவுவதை நிறுத்தினார். செத்தோம் என்று நினைத்தேன்.

"ஏத்தா, ரத்தம் நுரையீரலுக்குப் போயி சுத்தமாகித் திரும்பி வந்துச்சுன்ன. அதுக்குள்ள உங்கப்பன் அமத்திப்புட்டாரு. அப்பறம் அது எங்கிட்டுப் போச்சு?"

அவர் கேலி செய்யவில்லை. போன வருஷம் அவர் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தது உனக்கு நினைவிருக்கும். பால் தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். இடது பக்கம் வரும், அங்கே இருந்து பெரிய குழாய் வழியாக உடம்பு முழுக்கப் போகும் என்று. அடைப்பு எங்கே வரும் என்று கேட்டார். அதையும் சொன்னேன். பின்னால் இரண்டு பேர் பாலுக்கு நின்றார்கள். அவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவ்வளவு நேரம் பேசியிருக்கிறேன் என்று தெரிந்தது.

மதி


விடுதி, தஞ்சாவூர்
2.2.2025

மதி,

சிஸ்டர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பயந்து போனால், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பரீட்சை எப்போது என்று கேட்டுத் தன் நாட்காட்டியில் குறித்துக்கொண்டார்.

நானும் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகு கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. உன் குரலைக் கேட்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும் என்று பத்து வருஷமாக இருந்தது. இப்போது வேப்பமரத்துக் குழாயில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

பரீட்சை முடியும் வரை இனி எழுத மாட்டேன். பதினொன்று முடிந்த மறுநாளே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் ஆரம்பிக்கிறார்களாம், ஏப்ரலில்கூட வீட்டுக்கு விட மாட்டார்கள். மார்ச் முப்பது ஞாயிறு அம்மா பார்க்க வருவார். உன் முதல் பரீட்சை எப்படிப் போனது என்று அன்றைக்கு எழுதிக் கொடுத்தனுப்பு.

ஜாஸ்பின்


குளத்தூர்
28.3.2025

ஜாஸ்பின்,

தமிழ்ப் பரீட்சை முடிந்தது. இதை இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுத மனசு வராது.

தனி அறை. நான், எழுதுகிற சார், கண்காணிக்க ஒரு டீச்சர். சார் பெயர் பழனிச்சாமி. வேறொரு பள்ளியில் ஓவிய ஆசிரியர். பேச்சு வராது என்று பயந்தேன், வந்தது. பேனாவைப் பார்த்தேன், ஒரு மதிப்பெண் கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். குரல் மெல்லியதாக இருந்தாலும் வந்தது.

பிரச்சினை வேறு. சார் எழுதவில்லை, வரைகிறார். ஒவ்வோர் எழுத்தும் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த மாதிரி. ழகரத்துக்கு வால் இழுத்து, கொஞ்சம் தள்ளிப் பார்த்து, பிறகுதான் அடுத்த எழுத்து. ஒவ்வொரு விடைக்கும் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு. நான் ஒரு வரி சொல்லிவிட்டு அவர் முடிக்கக் காத்திருப்பேன். காத்திருக்கும்போது அடுத்த வரி மறந்துபோகும். சுவரில் கடிகாரம் இருந்தது. ஒரு மணி நேரத்தில் முதல் பகுதிதான் முடிந்திருந்தது.

வேகமாக எழுதுங்கள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். தொண்டை வரை பத்துத் தடவை வந்தது. அவர் அவ்வளவு நல்ல மனுஷர், அதுதான் கஷ்டம். விரல் வலிக்குதா என்று கேட்டார். தன் மோர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "ஒன் பேப்பரைத் திருத்துறவங்க அசந்து போகணும் தாயி," என்று சொல்லிவிட்டு மறுபடி வரைந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது?

எட்டு மதிப்பெண் கேள்வி இரண்டு விட்டுப்போனது. பதில் இரண்டும் எனக்கு மனப்பாடம். மணி அடித்தபோது தாளைப் பார்த்தேன். அவ்வளவு அழகான தாளை நான் பார்த்ததே இல்லை. அதில் பதினாறு மதிப்பெண் வெறும் வெள்ளை.

அடுத்தது ஆங்கிலம், ஏப்ரல் இரண்டு. அதில் நான் ஏற்கெனவே மோசம். இப்படியே போனால் தேற மாட்டேன். ஐந்து பரீட்சைக்கும் இவர்தானாம்.

மதி


விடுதி, தஞ்சாவூர்
30.3.2025

மதி,

அம்மா பார்வையாளர் அறையில் உட்கார்ந்திருக்கிறார், அரை மணி நேரம்தான் இருக்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். ராபின் சித்தப்பா புதுக்கோட்டையில் கல்வி அலுவலகத்தில் இருக்கிறார் என்பது உனக்குத் தெரியும். அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். இன்று ராத்திரியே அவருக்குப் போன் போட்டு, உனக்கு வேறு ஆளைப் போடச் சொல்வார். இரண்டாம் தேதி போகும்போது புது ஆள் இருப்பார். நீ நிம்மதியாகப் படி.

பதினாறு போனால் போகட்டும், மிச்சம் எண்பத்து நாலு இருக்கிறது.

ஜாஸ்பின்


குளத்தூர்
30.3.2025, மாலை

ஜாஸ்பின்,

உன் கடிதத்தை ஞானமணி அத்தை பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு கொடுத்துவிட்டுப் போனார். படித்தேன். செருப்புப் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை, உள்ளேயே போனேன். அத்தை போனைக் கையில் எடுத்து வைத்திருந்தார். "போன் பண்ணாதீங்க அத்தை. நானே சொல்லிக்கிறேன்," என்றேன். உன்னால முடியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

கோபமில்லை ஜாஸ்பின். ஆனால் யோசித்துப் பார். சித்தப்பா சொன்னால் அவரை மாற்றிவிடுவார்கள். ஏன் மாற்றினார்கள் என்று அவருக்குத் தெரியாது. அல்லது யாராவது சொல்வார்கள், அந்தப் பொண்ணு புகார் பண்ணுச்சு என்று. தன் மோரைக் கொடுத்த மனுஷர். எனக்கு அவர் எழுத்து பிடிக்காமல் போகவில்லை, நேரம்தான் போதவில்லை. அது அவர் முகத்துக்கு எதிரே சொல்ல வேண்டிய வார்த்தை. இன்னொருவர் வாயால் போனால் வேறாக மாறிவிடும். போன தடவை அப்படித்தான் ஆனது.

முடியாமல் போனால் ஜூனில் மறுபடி எழுதுகிறேன். அதற்கும் நானே பொறுப்பு.

மதி


விடுதி, தஞ்சாவூர்
6.4.2025

மதி,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. முதலில் கோபம் வந்தது. பிறகு நாலாம் வகுப்பு ஆப்சென்ட் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் திரும்பி வந்ததும் டீச்சரிடம் போய், மதி வந்திருந்தாள் என்று சொல்லித் திருத்த வைத்தேன். நீ என்னை நன்றியோடு பார்த்ததாக இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இப்போது சரியாகத் தெரியவில்லை.

ஆங்கிலம் முடிந்திருக்கும். நாளைக்குக் கணக்கு. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, அம்மாவிடம்கூட. சிஸ்டர்தான் தினமும் கேட்கிறார். தெரியாது சிஸ்டர் என்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு எழுது. காத்திருக்கிறேன்.

ஜாஸ்பின்


குளத்தூர்
16.4.2025

ஜாஸ்பின்,

நேற்றோடு முடிந்தது. ஆங்கிலத்தில் இருந்து சொல்கிறேன்.

பழனிச்சாமி சார் புதுப் பென்சில் சீவிக்கொண்டு வந்திருந்தார், கோடு போட. முதல் இருபது நிமிஷம் அதேபோல்தான் போனது. ஆங்கில எழுத்து என்றால் அவருக்கு இன்னும் ஆசை போல, தொடக்க எழுத்துக்கெல்லாம் சுழி வைத்தார். வேகமாக எழுதுங்கள் சார் என்று பேனாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. பேனாவிடம் சொன்னால் பேனாவுக்குத்தான் கேட்கும் என்று அப்போதுதான் புரிந்தது. உன் யோசனையில் அது ஒரு குறை.

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலே வெள்ளைப் புருவம். "சார், அழகா வேண்டாம் சார். எனக்கு நேரம் பத்தலை. அன்னிக்குப் பதினாறு மார்க் விட்டுப்போச்சு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கண்காணிக்கிற டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தாயி."

"வாய் வரலை சார்."

"எழுத்து நல்லா இருந்தா ரெண்டு மார்க் கூடப் போடுவாங்கன்னு பார்த்தேன். ஒனக்குக் கெடுதல் பண்ணிட்டேனே," என்றார். இல்லை சார் என்று அவசரமாகச் சொன்னேன். அவர் ஸ்கேலையும் பென்சிலையும் எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "சொல்லு, ஓடுவோம்," என்றார்.

ஓடினோம். அவர் எழுத்து கோழி கிளறிய மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் அவரே அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். பாவமாக இருந்தது, ஆனால் நான் நிறுத்தவில்லை. ஆங்கிலத்தில் எல்லாக் கேள்வியும் தொட்டோம். கணக்கில் ஒரு படியை அவர் தானாகவே தாண்டிவிட்டார். திரும்பப் படிக்கச் சொன்னேன், எழுதச் சொன்னேன். எழுதினார். அறிவியலில் இதயம் வரவில்லை. ஊரே படித்துவிட்ட கேள்வி அது ஒன்றுதான், அது வரவில்லை. சொர்ணம் அக்காவுக்கு ரொம்ப வருத்தம்.

நேற்று சமூக அறிவியல். உன் நோட்டின் நாலு துண்டுகள் எனக்கு அப்படியே வந்தன. நான் ஒரு துண்டு முடிக்கும்போது சார் கை நீட்டுவார், அடுத்தது கொடு என்பதுபோல். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனபோது என் குரல் கரகரத்தது. இரண்டு நாளாகவே சளி இருந்தது. சார் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்துவிட்டு மறுபடி சொன்னேன். கடைசி வரைபடக் கேள்வியில் இடங்களை விரலால் காட்டி, கிட்டத்தட்டக் காற்றாகவே சொன்னேன். மணி அடிக்க ஆறு நிமிஷம் இருக்கும்போது எழுத ஒன்றும் மிச்சமில்லை. சார் கையை உதறிக்கொண்டே, "இப்பத்தான் தெரியுது தாயி, ஒன் வெரலு எப்படி வலிச்சிருக்கும்னு," என்றார்.

வெளியே வந்தேன். அப்பா கேட்டுக்கு எதிரே வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். ஐந்து நாளும் அதே இடம். என்னாச்சு ஆத்தா என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். சத்தமே வரவில்லை. மறுபடி முயன்றேன், காற்றுதான் வந்தது. அப்பாவுடைய முகம் அப்படியே வாடிப்போனது. அரவிந்த்குமார் அண்ணன் எழுந்து போன அன்று பார்த்த முகம். "பேச்சு வரலையா? உள்ளயும் வரலையா?" என்று கேட்டார். அப்படி இல்லை என்று நான் கையை ஆட்டினேன். உள்ளேயும் வரவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். "சரி ஆத்தா. சரி விடு. ஜூன்ல பார்த்துக்கலாம்," என்று சொல்லி என் தலையில் கை வைத்தார்.

அவர் சட்டைப் பையில் இருந்து பேனாவை உருவினேன். கேள்வித்தாளை வண்டி சீட்டில் வைத்துப் பின்பக்கம் எழுதினேன். விரல் வலித்தது, ஆனாலும் பெரிய எழுத்தாகவே எழுதினேன்: "எல்லாக் கேள்விக்கும் சொல்லிட்டேன். பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போச்சு."

அப்பா படித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

இன்றைக்கும் குரல் வரவில்லை. அம்மா வெந்நீரில் உப்புப் போட்டுத் தருகிறார். விடைகளைச் சரிபார்க்க வேண்டும், கேள்வித்தாளைக் கொடுங்கள் என்று அப்பாவிடம் சைகையில் கேட்டேன். தர மாட்டேன் என்கிறார். அதெல்லாம் ரிசல்ட்டில் பார்த்துக்கொள்ளலாமாம்.

மதி